மூக்குக்கு மருந்தும் வீட்டுக்குக் கணக்கும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்று சின்ன வகுப்பிலிருந்தே எழுதிப் பழகியிருக்கிறோம். ஆனால் நோயோடு வாழும் ஒருவர் அதற்காக மாதா மாதம் என்ன செலவழிக்கிறார், அந்தச் செலவை எப்படிச் சமாளிப்பது என்று எந்த வகுப்பிலும் நமக்குச் சொல்லித்தருவதில்லை. நான் பெரிய நோய்களைப் பற்றி எழுத வரவில்லை. நம்மில் பலருக்கு இருந்தும் யாரும் நோயென்று கணக்கெடுக்காத ஒவ்வாமைத் தும்மலையும் மூக்கடைப்பையும், அவற்றுக்கு டொக்டர் எழுதித்தரும் மூக்கு ஸ்பிரேயின் விலையையும் பற்றித்தான் எழுதுகிறேன்.

வீட்டில் இதைப் பீனிசம் என்பார்கள். சிலர் 'தீராத தடிமன்' என்பார்கள். மருத்துவத்தில் இதன் பெயர் ஒவ்வாமை நாசியழற்சி. வகுப்பில் இந்த நோயுள்ளவளைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு பாடவேளைக்குள் அவள் பத்து முறை தும்மி, பத்து முறை 'அல்ஹம்துலில்லாஹ்' சொல்வாள். பக்கத்தில் இருப்பவள் 'யர்ஹமுகில்லாஹ்' சொல்லிச் சொல்லியே களைத்துப்போவாள். எங்கள் வகுப்பில் அந்தத் தும்மல்காரி நான்தான்.

சிரிப்புக்கு அப்பால் இதில் ஒரு கஷ்டமும் இருக்கிறது. எங்கள் வீட்டில் எனக்கும் தம்பிக்கும் இந்த நோய் உண்டு. தம்பிக்குத் தொய்வும் இருக்கிறது. ஸ்பிரே முடிகிற நாளும் ரியூசன் காசு கட்டுகிற நாளும் ஒன்றாக வந்தால், "அடுத்த மாசம் பார்ப்பம் மகள்" என்பார் உம்மா. அந்த ஒரு மாதத்தில் தம்பிக்கு இரவில் இருமல் கூடும். நான் வாயால் மூச்சுவிட்டு, பாதித் தூக்கத்தோடு காலையில் இரசாயனவியல் பாடத்தில் உட்கார்ந்திருப்பேன். மூக்கும் சுவாசப்பையும் ஒரே சுவாசப் பாதையின் இரு முனைகள். மூக்கின் ஒவ்வாமையைக் கவனிக்காமல் விட்டால் தொய்வையும் கட்டுப்படுத்துவது கடினமாகும். ஆகவே "வெறும் மூக்குத்தானே" என்று மருந்தை ஒத்திப்போடுவது சிக்கனம் ஆகாது. மருந்தை நிறுத்தாமல் செலவை எப்படிக் குறைக்கலாம் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

மூக்குக்குள் நடப்பது என்ன?

தூசு, பூனையின் உரோமத்தில் ஒட்டியிருக்கும் புரதம், பூஞ்சண வித்திகள், தலையணையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசுச் சிற்றுண்ணிகள் ஆகியவை உடலுக்குக் கெடுதி செய்யும் கிருமிகள் அல்ல. ஆனால் சிலரது நிர்ப்பீடனத் தொகுதி இவற்றை எதிரியென்று எண்ணி ஐஜிஈ எனும் பிறபொருளெதிரியை உருவாக்குகிறது. அது மூக்கின் உட்படையிலுள்ள மாஸ்ற் கலங்களில் ஒட்டிக் காத்திருக்கும். அதே தூசு மறுமுறை வரும்போது அக்கலங்கள் ஹிஸ்டமினை வெளியேற்றும். உடனே அரிப்பும் தும்மலும் நீர்வடிதலும் தொடங்கும். சில மணி நேரத்தின் பின் வேறு கலங்களும் வந்து சேர, உட்படை வீங்கி மூக்கடைக்கும்.

தும்மலும் அரிப்பும் மாத்திரம் என்றால் செற்றிரிசின், லொராட்டடின் போன்ற மலிவான மாத்திரைகள் பலருக்குப் போதும். குளோர்பெனிரமின் மாத்திரையும் மலிவானதுதான். ஆனால் அது தூக்கத்தைத் தரும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு அது பொருந்தாது. வீக்கமும் அடைப்பும் தொடர்ந்தால்தான் டொக்டர் ஸ்டீரொயிட் மூக்கு ஸ்பிரே எழுதுகிறார். ஆகவே முதல் கேள்வி, "எனக்கு ஸ்பிரே கட்டாயம் தேவையா, மாத்திரை போதுமா?" என்பதுதான். அதை டொக்டரிடம் கேட்பதில் தவறில்லை.

ஸ்டீரொயிட் என்ற சொல்லைக் கேட்டதும் பல பெற்றோர் பயந்து, வாங்கிய போத்தலையே மூடி வைத்துவிடுகிறார்கள். விழுங்கும் மாத்திரையும் மூக்கு ஸ்பிரேயும் ஒன்றல்ல. புளூட்டிகசோன் புரொப்பியனேற் ஸ்பிரேயில் 100 மைக்கிரோகிராம் மூக்கில் அடித்தால், அதில் 2 மைக்கிரோகிராமுக்கும் குறைவானதே குருதியில் சேர்கிறது. மருந்து மூக்கின் உட்படையிலேயே வேலை செய்கிறது. நீண்ட காலம் பாவிக்கும் சிறு பிள்ளைகளின் உயரத்தை இடைக்கிடை அளந்து பார்ப்பார்கள். இதற்காகவும் டொக்டரின் கண்காணிப்பு வேண்டும்.

போத்தலின் விலையா, ஒரு நாளின் விலையா?

பார்மசியில் நாம் பார்ப்பது போத்தலின் விலையை. ஆனால் நமக்கு வேண்டியது ஒரு நாளுக்கு எவ்வளவு செலவு என்ற கணக்கு. அதற்கு மூன்று எண்கள் போதும்: போத்தலின் விலை, அதிலுள்ள தெளிப்புகளின் எண்ணிக்கை, ஒரு நாளுக்கு அடிக்க வேண்டிய தெளிப்புகள். இரண்டாவது எண் பெட்டியில் '60', '120', '200' என்று அச்சிடப்பட்டிருக்கும். மூன்றாவது டொக்டரின் சிட்டையில் இருக்கும்.

விளக்கத்துக்காகச் சில விலைகளைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். 60 தெளிப்புப் போத்தல் 1200 ரூபா, 120 தெளிப்புப் போத்தல் 1800 ரூபா. காசு குறைவென்று சின்னப் போத்தலை எடுக்கத் தோன்றும். ஆனால் அதில் ஒரு தெளிப்பு 20 ரூபா, பெரியதில் 15 ரூபா. வளர்ந்தவர் ஒருவருக்குப் புளூட்டிகசோன் புரொப்பியனேற் 50 மைக்கிரோகிராம் ஸ்பிரேயை வழக்கமாக ஒவ்வொரு நாசித் துவாரத்திலும் இரண்டு முறை, நாளுக்கு ஒரு தடவை என்று தொடங்குவார்கள். அதாவது நாளுக்கு 4 தெளிப்புகள். பெரிய போத்தல் 30 நாட்களுக்கு வரும், சின்னது 15 நாட்களில் முடியும். மாதக் கணக்கில் ஒன்று 1800 ரூபா, மற்றது 2400 ரூபா. மலிவென்று எடுத்ததற்கு 600 ரூபா கூடக் கொடுக்கிறோம்.

ஒரு தெளிப்பின் விலையை மட்டும் பார்ப்பதும் போதாது. பெக்குளோமெதசோன் ஸ்பிரே 200 தெளிப்புகளுடன் 1400 ரூபா என்று வைத்தால், ஒரு தெளிப்பு 7 ரூபாதான். ஆனால் அதை வழக்கமாக ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு முறை, காலையும் மாலையும் அடிக்க வேண்டும். நாளுக்கு 8 தெளிப்புகள், 56 ரூபா. மேலே சொன்ன 120 தெளிப்புப் போத்தலின் நாட்செலவு 60 ரூபா. பாதி விலையாகத் தோன்றியது கடைசியில் 4 ரூபா வித்தியாசமாகிவிட்டது.

இன்னொரு கணக்கும் உண்டு. நோய் கட்டுப்பட்ட பின் பலருக்கு அளவை ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு தெளிப்பாகக் குறைக்கலாம். அப்போது 120 தெளிப்புகள் 60 நாட்களுக்கு வரும், செலவு பாதியாகும். இதை நாமாகச் செய்யக்கூடாது. ஆனால் கிளினிக் போகும்போது, "எனக்கு இப்ப சுகம். அளவைக் குறைக்கலாமா?" என்று கேட்கலாம். நாம் கேட்காவிட்டால் சனம் நிறைந்த கிளினிக்கில் பழைய சிட்டையே தொடர்ந்து எழுதப்படலாம்.

பெயர் வேறு, மருந்து ஒன்று

ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. மருந்துப் பொருளின் பொதுப்பெயர் ஒன்று, கம்பனி வைக்கும் வணிகப்பெயர் மற்றது. புளூட்டிகசோன் என்பது பொதுப்பெயர், பிளிக்ஸோனேஸ் என்பது வணிகப்பெயர். ஒரு மருந்தின் காப்புரிமைக் காலம் முடிந்ததும் வேறு கம்பனிகளும் அதைத் தயாரிக்கலாம். ஆராய்ச்சிச் செலவு அவர்களுக்கு இல்லாததால் விலை குறையும். அமெரிக்காவில் புளூட்டிகசோன் மூக்கு ஸ்பிரேயின் பொதுவகை 2006ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. மொமெற்றசோன், புடெசோனைட் போன்றவற்றையும் இன்று பல கம்பனிகள் தயாரிக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் புடெசோனைட் மூக்கு ஸ்பிரேயும் இடம்பெற்றிருக்கிறது.

பொதுப்பெயரின் பெறுமதியை உலகுக்குக் காட்டியவர்களில் ஒருவர் நம் நாட்டவர் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய விடயம். பேராசிரியர் சேனக பிபிலே, வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971இல் ஓர் அறிக்கை தயாரித்தார். தேவையான மருந்துகளை மட்டும் தெரிவுசெய்து, பொதுப்பெயரில், போட்டி விலைக் கேள்வி மூலம் நாட்டுக்கு மொத்தமாக வாங்க வேண்டும் என்பதே அதன் சாரம். அதன் வழியில் அமைந்த அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே. அவர் 1977இல் கயானா நாட்டில் காலமானார். இன்று நம் நகரங்களில் காணும் 'ஒசுசல' மருந்தகங்கள் அந்தக் கூட்டுத்தாபனத்துடையவை. வெளியில் வாங்குமுன் அங்கும் ஒருமுறை விலை கேட்பது நல்லது.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபை உருவானது. 2016இல் முதன்முதலாக 48 மருந்துகளுக்கு உச்ச சில்லறை விலை அறிவிக்கப்பட்டது. பின்னர் வேறு மருந்துகளும் சேர்ந்தன. ஆனாலும் ஸ்பிரேக்களில் பல இறக்குமதியாகின்றன. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியபோது, மருந்தின் விலை ஏன் ஏறியது என்பதை நம் வீடுகள் அனுபவத்தில் அறிந்துகொண்டன. எனவே பெட்டியில் ஒட்டியிருக்கும் உச்ச விலையைப் பார்ப்பதையும் பற்றுச்சீட்டு வாங்குவதையும் பழக்கமாக்குவோம். அச்சிட்ட விலைக்கு மேல் விற்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

எங்கள் ஊரில் ஒரு பார்மசியில் உம்மா ஒரு நாள், "தம்பி, இதே மருந்து வேற கம்பனிர, விலை குறைஞ்சது இரிக்கா?" என்று கேட்டார். இருந்தது. முந்திய மாதங்களில் அதை யாரும் எடுத்துக் காட்டவில்லை, ஏனென்றால் நாங்களும் கேட்கவில்லை. மலிவானதைக் கேட்டால் வறுமையைக் காட்டிக்கொடுத்தது போலாகும் என்று நம்மில் பலர் கூசுகிறார்கள். புடைவைக் கடையில் மணிக்கணக்காகப் பேரம் பேசும் நாம் மருந்துக் கடையில் வாய்திறக்காமல் நிற்பது எனக்குப் புதுமையாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பெயரில் பாதி ஒத்திருந்தால் போதாது. புளூட்டிகசோன் புரொப்பியனேற் ஒரு தெளிப்புக்கு 50 மைக்கிரோகிராம். புளூட்டிகசோன் பியூரோவேற் என்பது வேறொரு சேர்வை, ஒரு தெளிப்புக்கு 27.5 மைக்கிரோகிராம். இரண்டையும் நாமாக மாற்றிக்கொள்ளக்கூடாது. முழுப் பொதுப்பெயரும் அளவும் சிட்டையோடு ஒத்துப்போனால்தான் அது அதே மருந்து.

காசு காற்றில் போகும் இடங்கள்

வாங்கிய பின் வீணாகும் காசும் சிறிதல்ல.

முதலாவது, இடையில் நிறுத்துவது. ஸ்டீரொயிட் ஸ்பிரே அடித்தவுடன் மூக்கைத் திறக்காது. முதல் நாளிலேயே சிறிது குணம் தெரியலாம், ஆனால் முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் செல்லும். மூன்று நாளில் "இது சரிவராது" என்று மூலையில் வைத்துவிட்டு வேறொரு டொக்டரைச் சனல் பண்ணினால், போத்தலின் காசும் போய்ச் சனலிங் காசும் போகும்.

இரண்டாவது, காற்றில் அடிப்பது. புதுப் போத்தலை முதன்முதல் பாவிக்கும்போதும், பல நாள் பாவிக்காமல் விட்ட பின்னும் மட்டுமே காற்றில் அடித்துத் தயார்படுத்த வேண்டும். எத்தனை தடவை என்பது உள்ளேயுள்ள துண்டில் இருக்கும். ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை காற்றில் அடித்துப் பார்ப்பவருக்கு நாளுக்கு 4 தெளிப்பு என்பது 6 ஆகிறது. 30 நாள் போத்தல் 20 நாளில் முடிகிறது.

மூன்றாவது, அடிக்கும் முறை. முதலில் மூக்கைச் சீறித் துடைத்து, போத்தலைக் குலுக்க வேண்டும். தலையைப் பின்னால் சாய்க்காமல் சற்றுக் குனிந்து, வலது துவாரத்துக்கு இடது கையாலும் இடது துவாரத்துக்கு வலது கையாலும் அடித்தால், முனை தானாகவே நடுச்சுவரை விட்டு வெளிப்பக்கம் திரும்பும். நடுச்சுவரில் அடித்தால் இரத்தம் கசியலாம். மெதுவாக மூச்சை இழுத்தால் போதும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய் வயிற்றில் சேரும். கசப்பு தெரிந்தால் அது தவறான இடத்துக்குப் போன மருந்தின் சுவை.

நான்காவது, ஒரே போத்தலை இருவர் பாவிப்பது. தடிமனும் கிருமியும் அதன் முனையாலேயே பரவும். பிள்ளைக்குரிய அளவும் வளர்ந்தவருக்குரிய அளவும் வேறு. எங்கள் வீட்டில் இரண்டு போத்தல்களிலும் பெயரும் திறந்த திகதியும் எழுதி ஒட்டியிருக்கிறோம். எப்போது முடியும் என்று திகதியிலிருந்து எண்ணிப் பார்த்து, உம்மா அதற்கு முன்பே காசை ஒதுக்கிவிடுவார்.

ஐந்தாவதுதான் மிக மோசமானது. சைலோமெற்றசோலின், ஒக்ஸிமெற்றசோலின் போன்ற அடைப்பு நீக்கும் மருந்துகள் சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். விலையும் குறைவு. அதனால் ஸ்டீரொயிட் ஸ்பிரேக்குப் பதிலாகச் சிலர் இதையே மாதக்கணக்கில் அடிக்கிறார்கள். ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு மேல் பாவித்தால் மருந்து இல்லாதபோது மூக்கு முன்னரைவிட மோசமாக அடைக்கும். அடைப்பைத் தீர்க்க மறுபடி அதே மருந்து, அதே மருந்தால் மறுபடி அடைப்பு. இந்த மலிவு கடைசியில் மிக விலை உயர்ந்தது.

அரச வைத்தியசாலையை மறக்க வேண்டாம்

நம் நாட்டில் அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலும் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்கிலும் டொக்டரைப் பார்க்கக் காசில்லை. ஒவ்வாமை மாத்திரைகள் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். ஸ்பிரே இருப்பில் இருந்தால் அதையும் தருவார்கள். இல்லாவிட்டால் வெளியில் வாங்கத் துண்டு தருவார்கள். அப்போதும் சனலிங் காசு மிச்சம். அதிகாலையில் போய் வரிசையில் நிற்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் கிளினிக் கொப்பி ஒன்று இருந்தால் நோயின் வரலாறு ஒரே இடத்தில் இருக்கும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் சுலபமாகும்.

மருந்தின் தேவையைக் குறைப்போம்

எங்கள் பகுதியில் கச்சான் காற்று வீசும் காலத்திலும் வட்டையில் அறுவடை நடக்கும் காலத்திலும் தூசு கூடும். அதை நாம் நிறுத்த முடியாது. வீட்டுக்குள் இருப்பதைக் குறைக்கலாம். தலையணை உறையையும் படுக்கை விரிப்பையும் கிழமைக்கு ஒருமுறை சுடுநீரில் கழுவி நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். தும்புத்தடியால் கூட்டித் தூசு கிளப்புவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல். நுளம்புத் திரியும் சாம்பிராணிப் புகையும் மூக்கை எரிச்சலூட்டும். நாம் ஒரு நாளைக்கு ஐந்து வேளையும் முகம் வைக்கும் தொழுகை விரிப்பைக் கடைசியாக எப்போது கழுவினோம் என்றும் யோசிக்க வேண்டும்.

ஸ்பிரேக்கு முன் உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது பலருக்குச் சுகம் தரும். நன்றாகக் கொதிக்க வைத்து ஆறிய நீர் 250 மில்லிலீற்றருக்கு அரைத் தேக்கரண்டி உப்புப் போதும். அன்றன்றைக்குப் புதிதாகச் செய்ய வேண்டும். கொதிக்க வைக்காத கிணற்று நீரையோ குழாய் நீரையோ மூக்குக்குள் விடவே கூடாது. இவையெல்லாம் மருந்தின் தேவையைக் குறைக்கலாம். டொக்டர் சொன்ன மருந்துக்குப் பதிலாகிவிடாது.

நோன்பு மாதத்தில் பலர் ஸ்பிரேயை முழுவதுமாக நிறுத்திவிடுகிறார்கள். பெருநாள் வரும்போது மூக்கு பழைய நிலைக்குப் போய்விடும், பிறகு முழு அளவில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாளுக்கு ஒரு தடவை அடிக்கும் ஸ்பிரேயை நோன்பு திறந்த பின் அடிக்கலாம். இரண்டு தடவை என்றால் ஸஹர் முடியுமுன் ஒன்று, இரவில் ஒன்று என்று டொக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

தோழிகளே, அடுத்த முறை சிட்டையோடு போகும்போது நான்கு கேள்விகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். டொக்டரிடம்: இதன் பொதுப்பெயர் என்ன? எத்தனை நாள் பாவிக்க வேண்டும், எப்போது குறைக்கலாம்? பார்மசியில்: இதே பெயரில், இதே அளவில் விலை குறைந்தது இருக்கிறதா? போத்தலில் எத்தனை தெளிப்பு?

பெற்றோர்களிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளை தும்முவதைப் பார்த்து "பழகிப்போகும்" என்று சொல்லாதீர்கள். காசு போதாத மாதத்தில் மருந்தைப் பேசாமல் நிறுத்திவிடாமல், "இந்த மாதம் வாங்க முடியவில்லை, வேறு வழி உண்டா?" என்று டொக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மாத்திரையோ மலிவான வகையோ குறைந்த அளவோ ஏதாவது ஒரு வழியை அவர் யோசிப்பார். நாம் சொல்லாமல் மறைத்தால் அவருக்குத் தெரியப்போவதில்லை. நாளை எங்களில் சிலர் வைத்தியர்களாகவும் மருந்தாளர்களாகவும் வருவோம், இன்ஷா அல்லாஹ். அன்று நம் முன்னால் சிட்டையோடு நிற்கும் உம்மா ஒருவர் கேட்பதற்கு முன்பே மலிவான போத்தலையும் எடுத்து மேசையில் வைப்போம்.